ஒரு தடவை அடித்தால் எனக்கு

செல்போனை வாங்கித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என் கையில் ஒரு பித்தளை வில்லையைக் கொடுக்கிறார்கள். பதினேழு என்று எண் போட்ட வில்லை. வாங்கியதும் கை தானாக இடது மார்புக்குப் போகிறது. நல்லவேளை, பாதி வழியில் பிடித்து நிறுத்தி, சட்டைப்பைக்குள் போடுகிறவனைப் போல் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பூங்காவனம் பார்த்திருப்பாள். என் மனைவி பார்க்காதது எதுவும் கிடையாது, ஆனால் பார்த்ததை எங்கே சொல்ல வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்று தெரிந்தவள். சம்பந்தி திருமலைச்சாமி பார்க்கவில்லை. அவர் மாளிகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பொள்ளாச்சியில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா, பேனாவுக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள். அந்தத் தாளை நான் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், கண் அங்கேயே போகிறது. "ஏனுங் சம்பந்தி, இத்தன பெரிய எடத்தையா நீங்க கட்டி மேச்சீங்க?" என்று கேட்கிறார். ஆமாங்க என்கிறேன். என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தை அது, கூப்பிடாமலே வந்து நிற்கும். சென்னைக்கு வந்த கையோடு இவரே கம்ப்யூட்டரில் தனக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்களுக்குமாக நாலு சீட்டு எடுத்துவிட்டார், என்னை ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். உங்க எடத்தக் கண்ணுல பாக்காம ஊருக்குத் திரும்பறதுங்களா என்றார். ஆச்சரியப்பட்டேன், நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் ஆச்சரியப்பட்டேன். இப்போது நீலத் துணியில் ஆளுக்கு ஒரு ஜோடி உறை கொடுத்துச் செருப்பின் மேல் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், தரை கெட்டுப்போய்விடுமாம். இந்தத் தரையில் முப்பத்து மூன்று வருஷம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். இருபது பேரும் ஒரே மாதிரி நீலக் காலோடு நிற்கிறோம், எனக்கு யார் யாரென்று தெரியவில்லை. குனிந்து நின்றே பழகியவன், ஆளைக் காலில்தான் அடையாளம் பிடிப்பேன். கால் தெரியாவிட்டால் எனக்கு ஊரே இருட்டு.

சுற்றிக் காட்ட வந்திருக்கிற பெண்ணின் பெயர் மெர்லின். கழுத்தில் தொங்குகிற அட்டையில் போட்டிருக்கிறது. "எல்லாரும் என் கூடவே வரணும். முன்னாடி ரூமைத் தெறப்போம், பின்னாடி ரூமைப் பூட்டிடுவோம். நடுவுல யாரும் தனியா வெளிய போக முடியாது. பாத்ரூம் போறவங்க இப்பவே போயிடுங்க. கடைசியா ஆபீஸ் ரூம், அங்கேர்ந்துதான் வெளிய போற வழி" என்று சொல்கிறாள். ஒன்றேகால் மணி நேரமாம். அவள் சொல்லி முடிக்கும்போதே பின்னால் பெரிய கதவு சாத்தப்படுகிறது, அந்தக் கதவின் ஓசை எனக்குத் தெரியும், முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு தட்டு. ஆனால் அந்த ஓசையை நான் எப்போதும் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டவன். நடுவில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. பூங்காவனம் என் முழங்கையைத் தொட்டு, மாத்திரை போட்டீங்களா என்கிறாள். போட்டேன் என்கிறேன். போடவில்லை. பார், இதுவும் பொய், வர வர எல்லாமே இப்படி ஆகிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நான் கெட்டிக்காரனும் இல்லை, என் புளுகு நாலாவது மாதத்தில் நடக்கிறது. நான் இந்த மாளிகையில் சூப்பிரண்டாக இருந்தவன் என்று சம்பந்தி நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் டபேதார். அரசாங்கத்தின் மூத்த அதிகாரிகள் மாறி மாறிக் குடியிருந்த வீடு இது, வீடும் ஆபீசும் ஒரே கூரைக்கடியில். வெள்ளை உடுப்பு, சிவப்புத் தலைப்பாகை, மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டையாக டவாலி, அதில் பித்தளை வில்லை. ஐயா நடந்தால் முன்னால் நடந்து வழி விலக்குவது, ஐயா உட்கார்ந்தால் கதவுக்கு வெளியே நிற்பது. பதினோரு ஐயாக்களுக்கு இப்படி நின்றேன். அவர்கள் பெயரெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது, முதல் ஐயா, இரண்டாவது ஐயா என்று எண்ணிக்கையில்தான் ஞாபகம். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷத்தில் பன்னிரண்டாவது ஐயா புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார், மாளிகையை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பழைய ஆள் யாராவது இருந்து, அண்ணே மாசிலாமணி என்று கூப்பிட்டுவிட்டால்? தோட்டக்கார ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டான். டிரைவர் சம்சுதீன் பாய் போய்விட்டார். சமையல்கார நாயர் பாலக்காட்டில் படுத்த படுக்கை. செத்தவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் எண்ணி ஆறுதல் அடைகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

நடுக்கூடம். மேலே தொங்குகிற விளக்கைக் காட்டி, எந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்று மெர்லின் சொல்கிறாள். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், நான் நாற்காலிகளைப் பார்க்கிறேன். கயிறு கட்டி மறைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாற்காலி, வடக்குப் பக்கம் மூன்றாவதற்குக் கால் ஆடும், தெரியாமல் உட்கார்ந்தவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். உலகத்தில் இரண்டே ஜாதி, உட்கார்கிறவன், நிற்கிறவன். அப்படித்தான் எனக்குத் தோன்றும், தவறாக இருக்கலாம். நிற்கிறவனுக்கு உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்ல ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஏழாவது ஐயா ஒருநாள் ஜன்னல் வழியாக வெயில் கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கே மாசிலாமணி என்றார். ஆமாங்கய்யா என்றேன். குடை எடுத்து வைக்கட்டுங்களாய்யா என்றும் கேட்டேன். எடுத்தும் வைத்தேன். அப்படி வளர்ந்த நாக்கு இது. பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போனபோது நடந்ததும் அதுதானே? இவர் கூடத்தில் பெரிய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், நான் நுனியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்று சொல்வதைவிடத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். "மாளிகையில சூப்பிரண்டா இருந்தீங்கன்னு சொன்னாங்க, அப்படீங்களா?" என்றார். யார் சொன்னார்கள், எவன் சொன்னான், இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லைங்க என்று ஒரு வார்த்தை. நாலைந்து எழுத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். ஆமாங்க என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. அதற்குள் சம்பந்தியம்மாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், இவர் மாளிகையில் எத்தனை அறை என்று கேட்டார், அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரிந்திருந்தது, நாற்பத்தொன்று என்றேன். அப்புறம் திரும்ப வழியே இல்லை. பொய்க்கு நடுவே ஒரு உண்மை சொன்னால் பொய் இறுகிப்போகிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்ததில் சாப்பாட்டு அறைக்கு வந்துவிட்டோம், பின்கதவு பூட்டியாகிவிட்டது. இன்னும் சில அறைதான். அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். நேற்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து தாட்சாயணி பேசினாள். எனக்கு ஒரே மகள், அங்கே வேலை பார்க்கிறாள், அங்கேதான் இவர் மகனைப் பிடித்துப்போயிற்று. "அப்பா, அவருக்கு எல்லாம் தெரியும். நான் மொதல் நாளே சொல்லிட்டேன். அவங்க அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள். சரிம்மா என்றேன். "நாளைக்குப் பத்திரிகை புரூஃப் ஓகே பண்றாங்களாம். அதுல சூப்பிரண்டுன்னு அச்சடிச்சு வந்தா நான் மணவறையில வந்து ஒக்கார மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்." சொன்னால் செய்வாள். சொல்லிவிட்டால் இவர் என்ன செய்வார்? நாலு மாதமாக ஏமாற்றியவன் வீட்டில் பெண் எடுக்க எவன் சம்மதிப்பான்? கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சொன்னாலும் நிற்கும், சொல்லாவிட்டாலும் நிற்கும், இரண்டு பக்கமும் பூட்டின அறையில் நடுவில் நான். அந்த நான்காக மடித்த தாள் அதுதான், பத்திரிகையின் புரூஃப். இங்கிருந்து நேராகத் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போகிறோம். காலையில் காரில் வரும்போது பிரித்துக் காட்டினார். என் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கண்காணிப்பாளர், ஓய்வு என்பது அடைப்புக்குறிக்குள். அச்சில் பார்க்கும்போது ஒரு விநாடி, கடவுளே மன்னித்துக்கொள், ஒரு விநாடி நன்றாக இருந்தது.

"இந்தச் சின்னக் கதவு பெண்கள் மறைவாக வந்து போறதுக்காக வெச்சது" என்கிறாள் மெர்லின். அது இல்லை. அது எச்சில் தட்டு போகிற வழி, விருந்தாளி கண்ணில் எச்சில் படக் கூடாது என்று வைத்தது, பெண்கள் எல்லாம் ஜம்மென்று பெரிய கதவு வழியாகத்தான் வந்தார்கள். நாக்கு நமைக்கிறது. சொன்னால், எச்சில் தட்டு சமாசாரம் சூப்பிரண்டுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வரும். தேள் கொட்டிய திருடன் கதைதான், வலிக்கிறது, கத்த முடியாது. "நீங்க சொல்லுங்க சம்பந்தி, உங்க எடமாச்சே, எதுக்குப் பேசாமயே வர்றீங்க?" என்று திருமலைச்சாமி என் தோளைத் தட்டுகிறார். கூட வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "சார் இங்க சூப்பிரண்டா இருந்தவருங்க" என்று இவர் பெருமையாகச் சொல்கிறார், முன்பின் தெரியாத பதினாறு பேரிடம். மெர்லின் கண் விரிய, "அப்படியா சார், தப்பா ஏதாவது சொன்னா திருத்துங்க சார்" என்கிறாள். எல்லாம் சரியாத்தாம்மா சொல்றீங்க என்கிறேன். பூங்காவனம் தரையைப் பார்க்கிறாள். அவள் கழுவிய தட்டுகள் அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால்தான் மலைமலையாகக் குவியும், பெரிய விருந்தென்றால் அவளையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவளுக்கு என்ன தோன்றும் இப்போது? நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் என்னை ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபம் வந்தால் ஒருவேளை தைரியமும் வந்திருக்கும். அந்தச் சம்பந்தியம்மாள் அவளிடம் குசுகுசுவென்று, இங்க ஏசி எல்லாம் இருந்துச்சுங்களா என்று கேட்கிறார்கள். இருந்துச்சுங்க என்கிறாள் பூங்காவனம். அவள் பொய் சொல்லவில்லை, இருந்ததுதான், எங்களுக்கு இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

தாழ்வாரம் நெடுக போட்டோக்கள். இவை என் காலத்தில் இல்லை, இப்போது மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது சுவரில் அந்த ஒரு போட்டோ தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வந்தபோது எடுத்தது. நடுவில் நான்காவது ஐயா, விருந்தாளி, சீமாட்டிகள், ஓரத்தில் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். முப்பது வயது, மீசை, தலைப்பாகை. மெர்லின் அங்கேயே நிறுத்தி விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறாள். திருமலைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். மூக்கு கிட்டத்தட்டச் சட்டத்தைத் தொடுகிறது. என் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே அவர் பிடரி. இதோ, இப்போது, இந்த நிமிஷம் திரும்பப் போகிறார். முடிந்தது என்று நினைத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், முடியட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "அந்தம்மா கட்டியிருக்கற பொடவ காஞ்சிபுரமுங்களா?" என்றார். யாரோ ஆமாம் என்றார்கள். நகர்ந்துவிட்டார். கூட்டமும் நகர்ந்துவிட்டது. ஓரத்தில் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பிழைத்தேன் என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான், சந்தோஷம் வரவில்லை. பார்த்திருக்கலாம். ஒரு விநாடி பார்த்திருக்கலாம். அந்தத் திரைச்சீலை மடிப்புக் கலையாமல் எப்படி நிற்கிறது, கை கொஞ்சமும் நடுங்காமல், அந்த போட்டோக்காரன் இருபது நிமிஷம் எடுத்தான். தெரிந்துவிடக் கூடாதே என்று வேர்க்கிறது, தெரியவில்லையே என்று வலிக்கிறது, இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நடப்பான்? பூங்காவனம் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். "தலப்பாக கோணலா இருக்குது பாருங்க" என்றாள் மெல்ல. "அன்னிக்கே சொன்னேன்." மெர்லின் கூப்பிட்டாள், போனோம்.

சூப்பிரண்டின் அறை. இதைத் திறந்து காட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே உட்கார்ந்தவர் வரதன் சார். கட்டைகுட்டையாக, வெற்றிலை வாசத்தோடு, வாய் நிறைய ஏச்சு, மனசு நிறைய இரக்கம். தாட்சாயணிக்கு அம்மை போட்டபோது பத்து நாள் லீவைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அவர் நாற்காலியைத் திருடி அவர் ஆவிக்கு முன்னாலேயே நிற்கிறேன். "இதுதானுங்களா உங்க சீட்டு?" என்று திருமலைச்சாமி கேட்கிறார். மேஜையைத் தடவிப் பார்க்கிறார். தேக்கு என்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார். காத்து நல்லா வருமே என்கிறார். இதுதான் சமயம். இங்கேயே சொல்லிவிடு மாசிலாமணி, இது வரதன் சார் சீட்டுங்க, என் சீட்டு வெளியில, ஒரு முக்காலி, அதிலும் ஐயா வெளியூர் போனால்தான் உட்காருவேன் என்று சொல்லிவிடு. வாயைத் திறந்துவிட்டேன். காற்றுகூட வெளியே வந்துவிட்டது. "ஏனுங்க, இதுதானுங்களே?" என்று இன்னொரு தடவை கேட்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. அவர் சந்தோஷப்படுகிறார், உண்மையாகவே எனக்காகச் சந்தோஷப்படுகிறார், அதுதான் கொடுமை. ஆமாங்க. வந்துவிட்டது. தாட்சாயணி எட்டு வயதில் கேட்டாள், ஏம்ப்பா நீ மட்டும் நின்னுக்கிட்டே இருக்கே, உனக்கு சேர் தரலியா என்று. பள்ளிக்கூடத்தில் அப்பா படம் வரையச் சொன்னால் ஒரு கதவை வரைந்து பக்கத்தில் ஒரு குச்சி மாதிரி என்னை நிறுத்தினாள். வாத்தியார் கதவு நல்லா இருக்கு என்று மார்க் போட்டாராம். அந்தப் பெண் இன்று கோயம்புத்தூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், என் போன் தகரப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருக்கும். பின்னால் கதவு பூட்டுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் ஒரே அறை.

ஐயாவின் ஆபீஸ் அறை. கதவுக்கு வெளியே முக்காலி இல்லை, அதை எடுத்துவிட்டார்கள், அது இருந்த இடத்தில் சுவரில் மட்டும் என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மங்கல். வெள்ளையடித்தும் போகவில்லை, எண்ணெய்க் கறை அப்படித்தான். உள்ளே போகும்போது என் கால் நின்று, இடது பக்கம் ஒதுங்கி, மற்றவர்களுக்கு வழி விட்டுக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. இருபது பேரில் பத்தொன்பது பேர் என்னைக் கடந்து உள்ளே போய்விட்டார்கள், ஒருவர் தேங்க்யூ என்றார். பெரிய மேஜை, பின்னால் ஐயாவின் நாற்காலி, எதிரே பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. இங்கே கயிறு இல்லை. "இந்த ஒரு ரூம்ல மட்டும் நீங்க உக்காரலாம்" என்கிறாள் மெர்லின். "வயசுல பெரியவங்க யாராவது வந்து ஆபீசர் சேர்ல உக்காருங்க. அந்த மேஜைக்கடியில ஒரு பித்தளை பட்டன் இருக்கு. இன்னிக்கும் வேலை செய்யுது." அந்த பட்டன். ஒரு தடவை அடித்தால் எனக்கு, இரண்டு அடித்தால் டிரைவருக்கு, மூன்று அடித்தால் சமையலுக்கு. தாழ்வாரத்தில் ஒரு மணி, பின்னால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மணி. வீடென்றால் ஒரு அறை, சமையல்கட்டுக்குப் பின்னால், இருபத்திரண்டு வருஷம் அதில் இருந்தோம். சாப்பிடும்போது அடிக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடிக்கும், ஒருநாள் என் அப்பா செத்த தந்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது அடித்தது. படித்து முடிக்காமலே போனேன், மழை வரும் போலிருக்கே மாசிலாமணி என்றது அன்றைக்குத்தான். யாரும் முன்வர வேண்டாம், முருகா, யாரும் உட்கார வேண்டாம். "நா ஒக்கார்றனுங்க" என்று திருமலைச்சாமி முன்னால் போகிறார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காருகிறார், பன்னிரண்டு ஐயாக்கள் உட்கார்ந்த இடத்தில். பொருத்தமாகவும் இருக்கிறார். மேஜைக்கடியில் கையை விட்டுத் துழாவுகிறார். நான் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன், விரல் நோகிறது. நகராதே. மணி உனக்கில்லை. நீ டிக்கெட் எடுத்து வந்தவன், பதினேழாம் நம்பர். நகராதே.

மணி அடிக்கிறது. ஒரே தடவை. முதுகெலும்பு முழுக்க ஓடுகிறது, குதிகால் தூக்கிக்கொள்கிறது, அய்யா என்பது பல்லுக்குப் பின்னால் வந்து முட்டுகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நகரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுகிறேன், நகரவில்லை. ஜெயித்துவிட்டேன். மணியின் ரீங்காரம் அடங்குகிறது, எல்லோரும் கைதட்டப் போகிறார்கள், அப்போது ஜன்னல் பக்கம் எங்கோ பார்த்துக்கொண்டு நின்ற பூங்காவனம், திரும்பக்கூட இல்லை, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே சொல்கிற அதே குரலில், "ஏங்க, மணி. ஒங்களத்தான் ஐயா கூப்பிடறாரு, போங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும், கையை வாயில் வைத்துக்கொண்டாள். பொள்ளாச்சியில் எனக்கு நடந்ததேதான். இருபத்திரண்டு வருஷம் அந்த மணிக்கு அவளும் சேர்ந்துதானே எழுந்தாள், டவாலியை எடுத்துக் கையில் கொடுத்தாள், எனக்கு மட்டும் அடித்ததென்று நினைத்தேனே முட்டாள். யாரோ சிரிக்கிறார்கள். மெர்லின் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். சம்பந்தியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். திருமலைச்சாமி நாற்காலியில் இருந்தபடியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "அதிலென்னங்க இருக்குது? பெரியவரு மணி அடிச்சா சூப்பிரண்டும் ஓடித்தானுங்க ஆகோணும். எங்க பேங்க்ல சேர்மன் கூப்பிட்டா நானும் அப்படித்தான் ஓடுவேன். இல்லீங்களா சம்பந்தி?" எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. அது வந்தும் நிற்கிறது, துவைத்து மடித்து வைத்த உடுப்பு மாதிரி தயாராக, நுனி நாக்கில். பூங்காவனத்தின் கண்ணில் தண்ணீர். கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று பயந்து நடுங்குகிறாள். நான் ஆமாங்க என்று சொன்னால் அவள் காப்பாற்றப்படுவாள், அவள் சொன்னதுதான் தப்பு என்று ஆகிவிடும். இந்த வீட்டில் ஒரே ஒருத்தி உண்மையைச் சொன்னாள், அதுவும் வாய் தவறி.

"இல்லீங்க" என்கிறேன். என் குரல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, இந்த அறையில் இந்த வார்த்தையை நான் உச்சரித்ததே இல்லை. "சூப்பிரண்டு இல்லீங்க. நான் டபேதார். இந்த மணி எனக்குத்தான். முப்பத்து மூணு வருஷம் இந்தக் கதவுக்கு வெளியத்தான் நின்னேன். அந்த ரூம் வரதன் சாரோடதுங்க." இன்னும் ஏதோ சொன்னேன், எச்சில் தட்டுக் கதவைப் பற்றிக்கூடச் சொன்னேன் போலிருக்கிறது, மெர்லின் தலையாட்டினாள். திருமலைச்சாமியின் சிரிப்பு போய்விட்டது. "எம் பையனுக்குத் தெரியுங்களா?" என்றார். "தெரியுங்க. எம் பொண்ணு மொதல்லயே சொல்லிட்டா. நான்தான் சொல்லல." "அன்னிக்கு நா கேட்டப்ப ஆமான்னீங்களே?" "நீங்க ஒக்காந்திருந்தீங்க." "அதுக்கு?" "ஒக்காந்திருக்கறவங்க கிட்ட இல்லன்னு சொல்லிப் பழக்கமில்லீங்க." அவர் என்னைப் பார்த்தார், குனிந்து தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பார்த்தார். "இப்பவும் நா ஒக்காந்துதானுங்களே இருக்கறேன்" என்றார். கதவை விட்டுவிட்டு நடந்து போய், எதிரே இருந்த நாற்காலியில், நான் தினமும் துடைத்துத் துடைத்து வைத்த நாற்காலியில், முதுகு சாய்கிற வரைக்கும் உட்கார்ந்தேன். குஷன் இவ்வளவு உள்ளே போகும் என்று எனக்குத் தெரியாது. மெர்லின் மெல்ல, சார் அடுத்த குரூப் வந்துடும் என்கிறாள். யாரும் நகரவில்லை. திருமலைச்சாமி சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பிரித்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணுக்குள் தாட்சாயணி ஒரு கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கிழிகிற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் தாள் மேஜையின் குறுக்கே என் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, மேலே ஒரு பேனா, மூடி கழற்றி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிற முகம் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. "நீங்களே எழுதுங்க" என்றார். இந்த மேஜையில் ஆயிரம் கோப்பு வைத்திருக்கிறேன், ஒரு எழுத்து எழுதியதில்லை. என் பெயருக்குக் கீழே இருந்ததை அடைப்புக்குறியோடு சேர்த்து அடித்தேன். டபேதார் என்று எழுதினேன், எழுத்து கோணிக்கொண்டது. பூங்காவனம் எப்போது வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதி, முகூர்த்தம், மண்டபம் என்று மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, என் பெயருக்குக் கீழே விரலை நிறுத்தினார்.

"ஓய்வுன்னு போடாம உட்டுட்டீங்களே" என்றார்.